சாமைக்காட்டுப் படம்

பிலவேந்திரனை நான் நம்பியதற்கு முதல் காரணம் அவன் செருப்பு. பச்சைமலையில் எங்கள் சாமி இருக்கும் பக்கம் யாரும் செருப்போடு ஏறக்கூடாது. கீழ்நாட்டுக்காரர்களுக்கு அதைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும். இவன் மட்டும் சொல்லாமலே அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டு, முள்ளை மிதித்துக்கொண்டு ஏறி வந்தான். செருப்பைக் கழற்றியவன் வஞ்சகம் செய்ய மாட்டான் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. எங்கள் புத்தி அவ்வளவுதான்.

ஏலாக்குறிச்சிக்காரன். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். லீவு விட்டால் போதும், மலையேறிவிடுவான். மூன்று வருஷம் எங்கள் வீட்டில் சாமைச்சோறு தின்றான். என் மனைவி வீராயி கையில் குத்தியிருந்த பச்சைக் கோலத்தைப் பார்த்துப் பார்த்து, அதே கோடுகளால் மரம், மாடு, மனுஷன் எல்லாம் வரைந்தான்.

"இந்தக் கோடு எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் கெடைக்கலண்ணே" என்பான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லி வைத்திருந்தேன். இரட்டைப் பாறைக்குக் கீழே, ரிசர்வ் காட்டுக்குள், சர்க்காருக்குத் தெரியாமல் சாமை விதைத்திருந்தோம். யுத்த காலம். ரேஷன் அரிசி மலைக்கு ஒழுங்காக வராது. அந்தச் சாமைதான் எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் வருஷத்துச் சோறு.

"வாத்தியாரே, அத வரைஞ்சா வரைஞ்சுக்க. எடத்த மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாத."

"மாதா மேல சத்தியம்ண்ணே."

அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரம்பலூரில் யுத்த நிதிக்காக ஒரு கண்காட்சி வைத்தார்கள். தன் படத்தை மாட்டியிருக்கிறார்கள், வந்து பார் என்று ஆள் அனுப்பினான். போனேன். நடுச்சுவரில் எங்கள் சாமைக்காடு. இடத்தின் பெயர் எழுதவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

காட்டு இலாகா ரேஞ்சர் ஒருவர் படத்தின் முன்னால் வந்து நின்றார்.

"நல்லாருக்குய்யா. ஆனா எல்லாம் கற்பனை. மலையில இப்படி ஒரு வெளைச்சல் ஏது?"

ஆமாம் சார் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. பிலவேந்திரனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கற்பனையா? நேர்ல ஒக்காந்து வரைஞ்சது சார். எரட்டப் பாறைக்குக் கீழ, ஓடையத் தாண்டி. வேணும்னா போய்ப் பாருங்க."

நான் நாலு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் அவனுடையது, கெட்டது நான்.

மறுநாளே காட்டு இலாகா கார்டுகள் வந்துவிட்டார்கள். அரைகுறையாக முற்றிய கதிரை அறுத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சினோம். கேட்கவில்லை. வெட்டிக் குவித்துத் தீ வைத்தார்கள்.

மூன்றாம் நாள் பிலவேந்திரன் வந்தான். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பொய் அழுகை இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். பொய்யாக அழுதிருந்தால் உதைத்து அனுப்பியிருப்பேன்.

வீராயி சாம்பலுக்கு நடுவில் குனிந்து, கருகாத கதிர் இருக்கிறதா என்று தேடி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே அவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டுப் படம் வரையும் நோட்டை எடுத்தான்.

"அண்ணே, அண்ணியக் கொஞ்சம் அசையாம நிக்கச் சொல்லுங்க."