லிஃப்டில் ஒட்டிய விலை

மரியம்மாள் பொருளாதாரம் படித்தது வெங்காயம் நறுக்கிக்கொண்டேதான். ஹிஞ்சேவாடியில் பதினான்கு மாடிக் குடியிருப்புச் சொசைட்டி ஒன்றில் நான்கு வீடுகளுக்குச் சமைக்கிறவள் அவள். ஒன்பதாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் கீர்த்தி கோயம்புத்தூர்ப் பெண், குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது தொழில். அந்த மாதம் அவள் வரைந்துகொண்டிருந்தது சொசைட்டிப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு. ‘சிரித்துக்கொண்டே பொருளாதாரம்’ என்று பெயர். பாடம் நடத்தப் போகிறவர் செயலாளர் பத்ரிநாத் சார், பாங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்.

சமையலறை மேசையில் அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. முதல் படத்தில் ஒற்றை வெங்காயம் கிரீடம் வைத்து உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஜனங்கள் பையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“காந்தாவுக்கு எதுக்கும்மா கிரீடம்?” என்று வெங்காயத்தைக் காட்டிக் கேட்டாள் மரியம்மாள்.

“சரக்கு கம்மி, கேக்கறவங்க ஜாஸ்திங்க்கா. அதான் அது ராஜா. சரக்கு கொட்டிக் கெடந்தா வாங்கறவங்க ராஜா.”

அடுத்த அட்டையைப் பார்த்ததும் மரியம்மாளின் கத்தி நின்றுவிட்டது. மூன்று கடைக்காரர்கள் வாசலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னாலோ மூன்று பேருடைய நீள மீசைகளும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. மூன்று கடையிலும் ஒரே விலைச் சீட்டு.

“கூடிப் பேசி வெல வச்சிக்கினானுங்களா?”

“ஆமாங்க்கா. யாரு கடைக்குப் போனாலும் அதே வெலைதான்.”

“திருட்டுப் பசங்க!” என்று வயிறு குலுங்கச் சிரித்தாள் மரியம்மாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாள். “ஆமா, லிஃப்ட்ல புதுசா இங்கிலீஷ்ல ஒரு காகிதம் ஒட்டிக்கீறாங்களே, மூவாயிரம்னு போட்டு. இன்னாது அது?”

கீர்த்தியின் தூரிகை காற்றில் நின்றது. மென்று விழுங்கித்தான் சொன்னாள். ஒரு வேளைச் சமையலுக்கு மாதம் மூவாயிரத்துக்கு மேல் இனி எந்த வீட்டிலும் கொடுக்கக் கூடாது. கொடுக்கும் வீட்டுக்கு அபராதம். அதிகம் கேட்கும் வேலைக்காரிக்கு கேட்டிலேயே அனுமதி ரத்து. கீழே பத்ரிநாத் சாரின் கையெழுத்து.

மரியம்மாள் ஒரு வேளைச் சமையலுக்கு வீட்டுக்கு நாலாயிரம் வாங்குகிறவள். அதுவும் ஏழு வருடம் கேட்டுக் கேட்டு ஏற்றியது. நான்கு வீட்டிலும் ஆயிரம் ஆயிரமாகப் போனால் மகளின் நர்சிங் படிப்பு நடுவழியில் நிற்கும். கணக்குப் போடப் பென்சில் தேவைப்படவில்லை.

“நான் வாடகைக்கு இருக்கறவங்க்கா, என்னால எதுத்துப் பேச முடியாதுங்க்கா” என்றாள் கீர்த்தி, முகத்தைப் பார்க்காமல்.

“அது கெடக்கட்டும். கடைக்காரன் செஞ்சா திருட்டு, சொசைட்டி செஞ்சா நோட்டீஸா?”

கீர்த்தி தூரிகையைக் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் முப்பது பிள்ளைகள். அவல் போஹா கிண்டிக் கொண்டுவரச் சொல்லி மரியம்மாளுக்கு உத்தரவு. அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பாடத்தையும் கேட்டாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், பத்ரிநாத் சார் இந்தியில் நன்றாகத்தான் நடத்தினார். வெங்காயம் மாதிரி குரல் மாற்றிப் பேசினார், பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பிறகு மீசைப் படத்தை எடுத்து மாட்டினார்.

“இந்த அங்கிள்லாம் என்ன பண்றாங்க?”

“சீட்டிங்!” என்று முப்பது தொண்டையும் கத்தின.

“சபாஷ்!”

சபாஷ் போட்ட கையோடு அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதற்குள் மரியம்மாள் வெள்ளைப் பலகையிடம் போய்விட்டாள். மார்க்கரை எடுத்துக் கோணல்மாணலாக ஒரு பெட்டி வரைந்தாள். பெட்டி நிறைய ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. ஆண் பெண் பார்க்காமல் எல்லாத் தலைக்கும் மீசை வைத்தாள், எல்லா மீசையையும் வரிசையாக முடிச்சுப் போட்டாள். உச்சியில் 3000 என்று எழுதினாள். கீழே கரண்டியோடு ஒரு பொம்பளை. மார்க்கரை மூடி வைத்தாள்.

பிள்ளைகள் கூரை பறக்கச் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த மீனு, பத்ரிநாத் சாரின் பேத்தி, துள்ளி எழுந்தாள். “தாத்தா, இது நம்ம பில்டிங்! லிஃப்ட்ல நீங்க ஒட்டினீங்களே, அது! அப்போ நாமளும் சீட்டிங்கா?”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

அன்றைக்கு வகுப்பு அரைமணி முன்னதாக முடிந்தது.

திங்கள் காலை ஏழு மணிக்கு கேட்டில் மரியம்மாளின் நம்பரைத் தட்டிய காவல்காரர் சுனில், டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு. “மாவ்ஷி, பிளாக் கேலா ஆஹே” என்று, நம்பரை அடைத்துவிட்டதை மராத்தியில் சொல்லி, தன் தப்பு மாதிரி தலையைச் சொறிந்தார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் திறக்கலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறாராம்.

கீர்த்தி போனில் வந்தாள். “ஒரு சாரிதானுங்க்கா? நானே எழுதித் தர்றேன், கையெழுத்து மட்டும் போடுங்க.”

“நீ வரைஞ்சதுக்கு உனக்கு ஃபீஸ் குடுத்தாங்க. நான் வரைஞ்சதுக்கு நான் மாஃபி கேக்கணுமா? போம்மா. போஹாவ நல்லாத் தின்னாங்க இல்ல.”

போனை வைத்ததும் பயம் வந்தது. நான்கு வீடும் ஒரே கட்டிடத்தில், நான்கும் ஒரே சிவப்பில் போயின. வீட்டுக்குத் திரும்பினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. அதனால் திரும்பாமல் கேட்டுக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஷேர் ஆட்டோவில் பாமா வந்து இறங்கினாள். பத்ரிநாத் சார் வீட்டுச் சமையல் அவளுடையது. அவளுக்குப் பச்சை விழுந்தது. மரியம்மாளைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, கொஞ்ச நேரம் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு மட்டும் இன்னா, அடுத்த மாசம் நான் ஏத்திக் கேட்டா எனக்கும் இதேதான்” என்று சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பலகைப் படம் நேற்றே எல்லார் போனிலும் சுற்றியிருந்தது. அடுத்து வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். எட்டரைக்கு இருபத்தாறு பேர், நடைபாதை போதாமல் கேட்டு வாசல்வரை. மாடிகளில் இருந்து போன்மேல் போன் வந்தது. யாரும் எடுக்கவில்லை. கம்பெனி கேப்கள் சாப்பாட்டு டப்பா இல்லாத ஆட்களை ஏற்றிக்கொண்டு கேட்டில் முட்டி நின்றன.

அப்போது பத்ரிநாத் சார் வந்தார். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். கூட்டத்தைப் பார்க்காதவர் மாதிரி வந்து மரியம்மாளின் காதருகே குனிந்தார்.

“இதோ பாரு, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. பாமா மேல வரமாட்டேங்கறா. லெட்டர் கிட்டர் ஒண்ணும் வேண்டாம், பிளாக்கை எடுத்துடறேன். நீயே வந்து எங்க வீட்டுல சமை. நாலாயிரத்து ஐநூறு தர்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

மரியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனுஷனுக்கா இவ்வளவு நேரம் பயந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. எல்லார் கையையும் கட்டிப் போட்டவரே முதல் ஆளாகப் பின்வாசல் வழியாக வந்து நிற்கிறார். இதைக் கீர்த்தி வரையவில்லை, அவருடைய பாடத்திலும் இல்லை.

அவர் தமிழில் ரகசியமாகச் சொன்னதை அவள் எழுந்து நின்று இந்தியில் சத்தமாகச் சொன்னாள், தொகையோடு.

நடைபாதை முழுக்கச் சிரிப்பு. சுனில் வாயைப் பொத்திக்கொண்டார். நின்றிருந்த கேப் ஒன்றின் கண்ணாடி இறங்கியது. “செக்ரட்டரியே கொடுக்கிறாரா? அப்போ நானும் கொடுக்கிறேன், என் சமையல் மாவ்ஷியை மேலே அனுப்புங்க!” என்று ஒரு பெண் இந்தியில் கத்தினாள். பின்னால் நின்ற காரில் இருந்தவன் அதற்கு மேல் ஒரு தொகையைச் சொன்னான்.

“என்ன பண்றே நீ?” என்று பல்லைக் கடித்தார் பத்ரிநாத் சார்.

“நான் இன்னா பண்ணேன்? சரக்கு கம்மி, கேக்கறவங்க ஜாஸ்தி. அதான் வெல ஏறுது. மொதல்ல லிஃப்ட்ல கீற காகிதத்தக் கிழிக்கச் சொல்லுங்க. அப்பறம் என் பிளாக்க எடுங்க. மாஃபி நான் கேக்க மாட்டேன்.”

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஹார்ன் அடிப்பவர்கள் அவரைத்தான் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சுனிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். சுனில் ஓடிப் போய்க் காகிதத்தோடு திரும்பினார், நாலு மூலையிலும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. டேப்லெட்டில் மரியம்மாளின் நம்பர் பச்சையானது. பெண்கள் ஒவ்வொருவராகப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

“சரி, வா. மணியாச்சு. அஞ்சாயிரமாவே வச்சுக்கோ” என்றார் பத்ரிநாத் சார்.

“எனக்கு நாலு வூடு கீது சார். உங்க வூட்டு வேல பாமாவோடது. அத்த நான் எந்த வெலைக்கும் எடுக்க மாட்டேன். வோணும்னா அவளக் கேளுங்க.”

அவர் பாமாவின் பக்கம் திரும்பினார். பாமா மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. காலை நன்றாக நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஆறாயிரம்” என்றாள்.