போனால் எல்லாரும்

கடலோர ஊருக்குச் சுற்றுலா வந்து நாலு நாளாகியிருந்தது. விடுதி அறையை விட்டு நாங்கள் நகரவில்லை. என் புகுந்த வீட்டுச் சட்டம் அப்படி: போனால் எல்லாரும் போக வேண்டும், ஒருத்தருக்கு முடியாதென்றால் ஒருத்தரும் போகக்கூடாது.

மலைக்கு என்றால் மாமியாருக்கு வயிற்றைப் பிரட்டும். தீவுக்கு என்றால் மாமனாருக்குப் படகு பயம். கோட்டைக்கு என்றால் நாத்தனாருக்கு வெயில் ஆகாது. என் கணவர் கட்டிலில் வரைபடத்தை விரித்து, எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மடித்து வைப்பார். ஜன்னலில் கடலாவது தெரிந்தது. மாமனாருக்குக் கண் கூசுகிறதென்று அதையும் திரை போட்டு மூடிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை எனக்குப் பொறுக்கவில்லை. "பால் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பி, நேராகப் பேருந்து நிலையம் போய், மலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"எங்கம்மா?" என்றார் நடத்துனர்.

"கடைசி வரைக்கும்" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்தது.

பாழாய்ப்போன பேருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு எங்கள் விடுதி வாசலிலேயே வந்து நின்றது. என்னைக் காணோமென்று அங்கே நின்றிருந்த மொத்தக் குடும்பமும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டது.

"நமக்கெல்லாம் இடம் பிடிக்கத்தான் முன்னாடியே போயிருக்கா, பாரேன்!" மாமியார் பூரித்துப்போய் என்னை ஒட்டி உட்கார்ந்தார். பேருந்து ஒரு வளைவில் திரும்பியது. "ஐயோ, எனக்கு என்னமோ பண்ணுதே. எல்லாரும் இறங்கிடலாம்."

நான் எழுவதற்குள் என் கணவர், அன்பாக, என் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.