எடைக்கல்

2012 ஜூலை விடுமுறையில், ஜூலை குளிர்காலமாக வரும் தெற்குத் தேசத்து லின்ஃபீல்டில், ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. பதினொரு வயது அஸ்வினிக்கு ஜலதோஷம் வேறு. போர்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் சாய்ந்தபடி பிளேஸ்டேஷனில் கார் ஓட்டினாள். சிப்ஸ் தின்றாள். புதன்கிழமை காய்ச்சல் மருந்து குடித்துவிட்டு மூன்றரை மணிக்குத் தூங்கிப்போனாள். அவள் இடுப்புப் பெல்ட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. அவள் எவ்வளவு அசைகிறாள் என்று எண்ணுவது அதன் உத்தியோகம். அந்த வாரம் அதற்கு ஏறக்குறைய லீவுதான்.

பிள்ளைகள் உட்கார்ந்து ஆடுகிற வீடியோ கேமுக்குப் பதிலாக, எழுந்து குதித்து ஆடுகிற வீடியோ கேமைக் கொடுத்தால் உடம்பு வளையுமா என்று கண்டுபிடிக்க ஊரில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. வீட்டில் ஏற்கெனவே பிளேஸ்டேஷன் இருக்க வேண்டும், பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல் இருக்க வேண்டும். இரண்டு தகுதியும் அஸ்வினிக்கு இருந்தன. அவள் அப்பா சுந்தரத்துக்கோ படிவம் என்றால் கல்யாணப் பந்தி. பதினாலு பக்கத்தையும் இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்காமல், "அஸ்வினியை ஆராய்ச்சிக்கு செலக்ட் பண்ணியிருக்காங்க" என்று தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் விடாமல் சொல்லியும் வைத்தார்.

பிறகுதான் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. பாதிப் பிள்ளைகளுக்கு உடனே கேமராவும் குதிக்கிற கேம்களும் ஒரு பெட்டியில் வரும். மீதிப் பாதி இருபத்து நாலு வாரம் வழக்கம்போல் இருக்க வேண்டும். ஆரம்பத்தில், நடுவில், கடைசியில் அளப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவர்களுக்கும் பெட்டி வரும். அஸ்வினி மீதிப் பாதியில் விழுந்தாள்.

அடுத்த ஞாயிறு சங்கத்து மதியச் சாப்பாட்டில், நகரின் மறுகோடியிலுள்ள மாசி என்ற பகுதியிலிருந்து வந்திருந்த தியாகலிங்கம் வடையும் கையுமாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கட தனுஷாவுக்குப் பெட்டி வந்திட்டுது. கமரா, ஏறி நிண்டு ஆடுற பாய் எல்லாம் இருக்கு. உங்கட பிள்ளைக்கு இன்னும் வரேல்லையோ, சுந்தரம்?"

சுந்தரம் சாம்பாரை ஒரு வாய் விழுங்கினார். தோல்வியை விழுங்குவது அவருக்குப் பழக்கமில்லை.

"நகைக்கடையில தங்கத்தை எதை வச்சு நிறுக்கிறாங்க, சார்?"

"ஏன், தராசிலதான்."

"தராசுல இந்தப் பக்கம் தங்கம். அந்தப் பக்கம்? எடைக்கல்லு! தங்கம் வரும், போகும். கல்லு மட்டும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்க பொண்ணு தங்கம், ஒத்துக்கிறேன். ஆனா அந்தத் தங்கத்தையே நிறுக்கிற எடைக்கல்லு யாரு தெரியுமா?" கையைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். "எங்க அஸ்வினி!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அஸ்வினி கையில் இரண்டாவது கேசரி இருந்தது. அவள் அதைச் சத்தமில்லாமல் தட்டில் திரும்ப வைத்தாள். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

வாயால் சொன்னதோடு விட்டிருந்தால் தேவலை. சுந்தரம் விரி என்ற தொழிற்பேட்டையில் ஒரு கிடங்குக் கம்பெனியில் வேலை பார்த்தார். எந்தப் பெட்டி எந்த வழியில் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைவது அவர் வேலை. பெட்டிகள் அவற்றின் பாட்டுக்கு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தன. வீட்டில் ஒரே ஒரு பெட்டிதான், அஸ்வினி. அதுவும் தப்பி ஓடாத பெட்டி. 'வழக்கம்போல்' என்று தாளில் போட்டிருந்ததை அவர் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஜூலையில் கருவி கட்டியிருந்த வாரத்துக்கு அஸ்வினி எழுதிக் கொடுத்த நாட்குறிப்பை நகல் எடுத்து வைத்திருந்தார். மறுநாள் அது அழகான அட்டவணையாக டைப் அடிக்கப்பட்டு ஃபிரிஜ் மேல் ஏறியது.

"அது மழை பெஞ்ச வாரம்ப்பா. எனக்கு கோல்ட் வேற."

"அவங்க அளந்தது அந்த வாரம். அப்ப அதுதான் வழக்கம்."

ஆகவே அஸ்வினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினாள். லீவு நாளில் நாட்குறிப்பில் உள்ளபடி முழு நாலு மணி நேரம். அந்த வாரத்தில் நடை என்று ஒன்று பதிவாகாததால், பத்து நிமிஷ தூரத்துப் பள்ளிக்கு அம்மா மரகதம் காரில் கொண்டுபோய் விட்டாள். புதன்கிழமை மூன்றரைக்குத் தூக்கம். தூக்கம் வராவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம், அந்தச் சலுகையைச் சுந்தரம் பெரிய மனதோடு கொடுத்தார். ஒருகாலத்தில் அவள் உயிராய் நினைத்த கேம் அது. இப்போது ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாகி, ஹோம்வொர்க்கைவிடக் கேவலமாகிப் போனது.

"பேருக்குத்தான் ஆராய்ச்சி. கூண்டும் நம்ம வீடு, எலியும் நம்ம வீடு" என்பாள் மரகதம். ஆனால் புதன்கிழமை போர்வையை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

செப்டம்பரில் தியாகலிங்கம் போன் செய்தார். "தனுஷா ரெண்டு கிழமைதான் குதிச்சவள், பிறகு தொட்டும் பாக்கேல்லை. சும்மா கிடக்குதே எண்டு நான் குதிச்சன். இடுப்புப் பிடிச்சிட்டுது. எடைக்கல் எப்பிடி?"

"ஆடாம அசையாம இருக்கு" என்றார் சுந்தரம், நிஜமான பெருமையோடு.

அதே வாரம் பள்ளியில் சீனா என்கிற தோழி அஸ்வினியைப் பிடித்துக்கொண்டாள். சமோவாத் தீவுக் குடும்பத்துப் பெண், வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள். அடுத்த டெர்மில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் டச் போட்டி. ரக்பி மாதிரிதான், ஆனால் கீழே தள்ள வேண்டாம், கையால் தொட்டால் போதும். ஒருநாள் மதிய இடைவேளையில் ஆள் குறைந்தபோது அஸ்வினியை இழுத்து நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கு ஓட வரவில்லை. ஆனால் எறிந்த பந்து எதுவும் அவள் கையை விட்டுப் போகவில்லை. "நீ பசை மாதிரி" என்றாள் சீனா. 'உருண்டை', 'எடைக்கல்' என்றெல்லாம் பெயர் வாங்கியவளுக்கு அது பட்டம் கட்டியது போல் இருந்தது. டீமில் ஓர் இடம் காலி. டெர்ம் முடிகிற வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்தோடு தாள் வர வேண்டும்.

தாளைப் பார்த்த சுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜனவரிக்கு அப்புறம் விளையாடு."

"அப்ப டீம் இருக்காதுப்பா. ப்ளீஸ்."

"இப்ப நீ ஓடினா என்ன ஆகும்? எடைக்கல்லு தேயும். இருக்கிற டேட்டா எல்லாம் குப்பை. யாரு கையெழுத்து போட்டது? நான். இங்கயே நிரந்தரமா தங்கணும்னு போட்ட நம்ம பி.ஆர். ஃபைல் எங்க இருக்கு? கவர்மென்ட் மேஜையில."

மரகதம் கரண்டியோடு வந்து நின்றாள். "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? ஒரு போன் போட்டுக் கேட்டாப் போச்சு."

"கேட்டா, இவன் ஏன் கேக்குறான்னு யோசிப்பாங்க. வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கச் சொல்றியா?"

"நீங்க வேட்டி கட்டியே ஆறு வருஷம் ஆச்சு."

அது எடுபடவில்லை. அஸ்வினி தாளை ஃபிரிஜ் மேல், அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். தினமும் பால் எடுக்கப்போன சுந்தரம் ஒன்றைப் படித்தார், மற்றதைப் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அன்று மாலை அவள் இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினாள். ஒரு வளைவில்கூடத் திருப்பவில்லை. காரைச் சுவரில் மோதினாள், பின்னால் எடுத்தாள், மறுபடி மோதினாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, நேரம் சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

அக்டோபர் விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை நடு அளவை எடுக்க ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஜோ வந்தாள். எடை மெஷினும் அளவு டேப்பும் சுமந்து வந்த, சிரித்த முகத்து இளம்பெண். ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டாள். "நோ சேஞ்ச்" என்றார் சுந்தரம், கோயிலில் சங்கல்பம் சொல்கிற குரலில். எடை பார்த்து, இடுப்பு அளந்து, பெல்ட்டைக் கட்டிவிட்டாள் ஜோ. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஏழு நாளைக்குக் கழற்றக் கூடாது என்றாள். பிறகு, கேள்வித்தாளைப் பிள்ளை தனியாகத்தான் நிரப்ப வேண்டும், அதுதான் விதி என்றாள். விதி என்றதும் சுந்தரம் ஹாலிலேயே நின்றுவிட்டார்.

அஸ்வினி அவள் அறையில், கட்டிலில் உட்கார்ந்து எழுதினாள். போன ஏழு நாளில் என்னென்ன விளையாடினாய்? நீச்சல், இல்லை. நெட்பால், இல்லை. சைக்கிள், இல்லை. இல்லை, இல்லை என்று இறங்கிக்கொண்டே போனவள் 'டச்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள். தாள் கசங்குகிற அழுத்தத்தில் எழுதினாள்: "ஜனவரி வரை கூடாது. உங்களால்தான்."

ஜோ வாங்கிப் படித்தாள். திரும்பப் படித்தாள். "எங்களாலா?" என்று கேட்டாள். அஸ்வினி அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஃபிரிஜ் முன்னால் நிறுத்தினாள்.

ஜோ அட்டவணையை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். புதன், மூன்றரை முதல் நாலரை வரை, தூக்கம். அந்த வரியில் விரலை வைத்தாள்.

"கம்ப்ளையன்ஸ்" என்று விளக்கினார் சுந்தரம், பின்னாலிருந்து.

ஜோ மெதுவாக, யாரும் நோகாத இங்கிலீஷில் சொன்னாள். வழக்கம்போல் இருங்கள் என்றால் உங்கள் வாழ்க்கையை நீங்கள் பாட்டுக்கு வாழுங்கள் என்றுதான் அர்த்தம். பிள்ளைக்கு விளையாட வேண்டுமென்றால் விளையாடட்டும். மரகதம் பி.ஆர். பயத்தையும் எடுத்துவிட, எங்களுக்கும் விசாவுக்கும் எந்த உறவும் கிடையாது என்றாள்.

மரகதம் சிங்க் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் சுந்தரம் தமிழில். பிறகு ஜோவிடம் இங்கிலீஷில், இதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். ஜோ ஒரு துண்டுத் தாளில், 'அஸ்வினி டச் விளையாடலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டாள். அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பி.ஆர். ஃபைலின் வீட்டு நகலில் சொருகினார். அதன் பிறகே ஃபிரிஜ் மேலிருந்த தாளுக்குக் கையெழுத்து கிடைத்தது, கெடு முடிந்து பதினைந்து நாள் கழித்து.

டீமில் இடம் நிரம்பியிருந்தது. மாற்று ஆளாக வேண்டுமானால் வரலாம் என்றாள் சீனா.

செவ்வாய்க்கிழமை பார்க்கில் வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தன. அஸ்வினி கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பெல்ட்டோடு. உட்காருவதில் அவளுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி. கொஞ்சம் தள்ளி, விரியிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்த சுந்தரம் மடக்கு நாற்காலியில் இருந்தார். மடியில் புதிய அட்டவணை. அதில் 'டச்' என்று ஒரு கட்டம். பெல்ட்டைக் கழற்றி வைக்கலாமா என்று காலையிலிருந்து அவருக்கு ஒரே தவிப்பு. கழற்றக் கூடாது என்று விதி. கழற்றாவிட்டால் கல் அசைந்தது அத்தனையும் பதிவாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

பத்தாவது நிமிஷம் மிஸ் அவளை உள்ளே அனுப்பினார். சீனா எறிந்த முதல் பந்தே அவள் நெஞ்சில் வந்து ஒட்டியது. அஸ்வினி ஓடினாள். நாலடி போவதற்குள் யாரோ தொட்டுவிட்டார்கள். குனிந்து பந்தைத் தரையில் வைத்தாள், மறுபடி ஓடினாள். மூச்சு இரைத்தது, விலா குத்தியது, முழங்காலெல்லாம் சேறு. பெல்ட் மேலும் கீழும் குதித்தது. நாலே நிமிஷத்தில் மிஸ் கையை உயர்த்தி அவள் பேரைச் சொன்னார், அவளுக்குப் பதில் இறங்க ஆள் தயார்.

கோட்டோரத்திலிருந்து அப்பாவின் குரலும் வந்தது. "அஸ்வினி! கூப்பிடுறாங்க பாரு. வந்து உக்காரு!"

காது அவளுக்கு நன்றாகவே கேட்கும். அவள் திடலின் அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.