பாதியில் மூடிய பக்கங்கள்

சில நாட்களாக சர்வர் விழவில்லை. புரோகிராமருக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. ஒரு மருத்துவமனையின் முன்பதிவுத் தளம் அது. மெமரி மெல்ல நிரம்பி, தினமும் ஒரு தடவையாவது படுத்துவிடும். இன்னொரு தடவை படுத்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மருத்துவமனை மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தச் சின்ன அலுவலகத்துக்கு இருந்ததே அந்த ஒரு வாடிக்கையாளர்தான். கோளாறு எங்கே என்று புரோகிராமர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மனிதனுக்கு வரும் காய்ச்சல் தானாகப் போகும், மென்பொருளுக்கு வருவது போகாது.

சர்வரின் பதிவேட்டைத் துழாவியதில் குட்டு உடைந்தது. யாரோ அடிக்கடி சர்வரை ரீஸ்டார்ட் செய்திருந்தார்கள். பாஸ்வேர்ட் தெரிந்த இன்னொருவர் அக்காள் கணவர், அலுவலகத்தின் முதலாளி.

"மச்சான், நீங்கதானா?"

"நீ கண்ணை மூடித் தூங்கி எத்தனை நாளாச்சு? பாவமா இருந்துச்சு. அதான் நிரம்புறதுக்கு முன்னாடியே அணைச்சுப் போட்டேன்."

புரோகிராமருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தடயத்தையெல்லாம் துடைத்து வைத்துவிட்டு மனுஷன் அப்பாவியாக நிற்கிறார்.

"அணைச்சா மெமரில இருக்கறது எல்லாம் போயிடும். எது அடைச்சிக்கிட்டு கிடக்குன்னு நான் எப்படிப் பார்க்கறது? இன்னைக்குக் கை வைக்காதீங்க. நிரம்பட்டும்."

"விழுந்துட்டா?"

"விழட்டும்."

மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவரே மேலாளருக்குப் போன் போட்டு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "சாயந்திரம் வரைக்கும் பார்க்கறேன்" என்று மேலாளர் போனை வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் மெமரி கழுத்துவரை நிரம்பியது. அது விழுவதற்குள் புரோகிராமர் உள்ளே இருந்ததை அப்படியே நகலெடுத்துப் பிரித்துப் பார்த்தான். முடிக்காத முன்பதிவுகள் குவிந்து கிடந்தன. பாதியில் பக்கத்தை மூடியவர்கள் திரும்பி வருவார்கள் என்று சர்வர் ஒருவரையும் விடாமல் பிடித்து வைத்திருந்தது. அப்படிப் பிடித்து வைக்கச் சொல்லும் வரிகளை எழுதியவன் அவனேதான். ஆனால் இத்தனை பேரா பாதியில் ஓடுவார்கள்? போன் நம்பர்களைப் பார்த்தான். முக்கால்வாசி ஒரே நம்பர், மச்சானுடையது.

"சைட்டு உயிரோட இருக்கான்னு அடிக்கடி திறந்து பார்ப்பேன்" என்றார் மச்சான், தலையைச் சொறிந்தபடி. "கடைசி பட்டனை மட்டும் அமுக்க மாட்டேன். ஒரு நோயாளியோட இடம் வீணாயிடுமே."

திட்ட வாய் வரவில்லை. புரோகிராமருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாதியில் போனவர்களை விட்டுவிடச் சொல்லும் நாலு வரிகளைச் சேர்த்து ஏற்றினான். சாயந்திரம்வரை தளம் விழவில்லை.

"இனிமே நான் பார்க்கலாமா, கூடாதா?" என்றார் மச்சான்.

"இப்பவே பாருங்க."

மச்சான் போனில் பக்கத்தைத் திறந்து, ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்து, பாதியில் மூடினார். புரோகிராமரின் திரையில் மெமரியின் அளவைக் காட்டும் கோடு மயிரிழை ஏறி, இறங்கியது. மச்சான் இன்னொரு தடவை திறந்தார்.