நாக்கா, தொட்டிலா?

என் கணவருக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. இன்னொரு அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதக் கூடாது, கண்ணால் கண்டுதான் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். ‘தலைகீழ்’ வந்த வாரம் கூடத்துச் சுவரில் காலை வைத்துத் தலைகீழாக நின்றார். காலண்டர் கிழிந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் அன்றைய சொல்லைச் சொல்லிக் கழுத்தறுப்பார்.

அந்த மனுஷர் கொஞ்ச நாளாக வாயே திறக்கவில்லை. கேட்டால், “ஏதோ ஒரு சொல்லு, விடு” என்று மழுப்பினார். பால்காரர் சிரித்தாலே பாலில் தண்ணீர் என்று முடிவு கட்டுகிறவள் நான். விடுவேனா?

ஒரு காலை, கண்ணாடிக்கு முன்னால் நாக்கை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பல் தேய்க்கிற பாவனை. கையில் பிரஷ்ஷே இல்லை. அவர் போனில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் பட்டென்று அணைத்தார். துவைக்க எடுத்த சட்டையின் தோளில் குழந்தைப் பவுடர் வாசனை.

எங்கள் வீட்டில் வாங்கிய பவுடர் டப்பா திறக்கப்படவே இல்லை. எங்களுக்குப் பிறந்தது ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நாங்கள் எடுப்பதில்லை. அப்படியென்றால் இவர் வேறெங்கோ ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்கிறார்.

சனிக்கிழமை மதியம் அவர் கிளம்பியதும் பின்னாலேயே போனேன். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒருத்தி மடியில் குழந்தையை வைத்துப் பாடுகிறாள். இவர் எதிரே தரையில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ரொம்ப நல்லா இருக்கு! யாரு இவ?”

அவள்தான் முதலில் சுதாரித்தாள். “அக்கா, நான் சார் ஆபீஸ் டைப்பிஸ்ட். பிரசவ லீவுல இருக்கேன். தாலாட்டுப் பாடு, தாலாட்டுப் பாடுன்னு சார் உயிரை எடுக்கறாரு. நான் தண்ணி குடிக்கப் போனா குழந்தையைத் தோள்ல போட்டுக்கறதும் அவருதான்.”

இவருக்கு வியர்த்துக் கொட்டியது. “இப்ப ‘தாலாட்டு’ வந்திருக்கு. தால்னா நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடறதால அந்தப் பேருன்னு ஆபீஸ்ல ஒரு கட்சி. இல்ல, ஆடறது தொட்டில்தான்னு இன்னொரு கட்சி. நேர்ல பாத்துட்டு வரச் சொன்னாங்க.”

“இதை என்கிட்ட கேட்டா என்ன?”

“உன்கிட்ட எப்படிக் கேப்பேன்?” என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எங்கள் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இவர் மருந்துக்காகக் கடை கடையாக ஓடிக்கொண்டிருந்தார். நான் அங்கே என்ன செய்தேன் என்று இவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

“நான் பாடியிருக்கேங்க,” என்றேன். “நீங்க ஓடின நேரமெல்லாம் பாடினேன். தொட்டில் இல்ல, மடி இல்ல, தொடக்கூட விடல. நாக்கு மட்டும்தான் ஆடுச்சு. எழுதிக்கோங்க.”