வழிமொழிவதற்கென்று ஒருவர்

எங்கள் பள்ளி வாரியம் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை மாலை, தொடக்கப் பள்ளி நூலகத்தில் கூடும். அங்கே இருப்பவை எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும். அந்த நிலையில் எந்த மனிதராலும் கம்பீரமாக இருக்க முடியாது. இதை முதலில் கண்டுகொண்டவர் வாரியத் தலைவர் ராண்டல் வாஸ். தன் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் தோல் சுழல்நாற்காலியைக் கூட்டத்துக்குக் கூட்டம் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார். அவர் மட்டும் உயரத்தில் இருப்பார். மற்ற நான்கு உறுப்பினர்களும், பின்வரிசையில் வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்களான நாங்களும், அவருடைய தொப்பைக்குக் கீழே இருப்போம்.

நீதிபதி தட்டுகிற மாதிரி ஒரு மரச் சுத்தியலும் அவரிடம் உண்டு. சொந்தமாக வாங்கியது. தட்டுவதற்கான கட்டை எங்கோ தொலைந்துபோனதால் நூலகத்தின் பெரிய உலக வரைபடப் புத்தகத்தின் மேல் தட்டுவார். அதன் அட்டையில் பசிபிக் பெருங்கடலின் நடுவே இப்போது ஒரு பள்ளம் இருக்கிறது.

வாரியத்தின் வேலை எளிமையானது. யாராவது ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு, ஓட்டு எல்லாம். வழிமொழிய ஆள் இல்லையென்றால் அந்தத் தீர்மானம் அங்கேயே செத்தது. தலைவர் ஓட்டுப் போடலாம். முன்மொழியவோ வழிமொழியவோ கூடாது. ஆனால் ஆள் இல்லாத நிலை எங்கள் ஊரில் வந்ததே இல்லை. ஏனென்றால் எங்களிடம் டெல்மர் க்ரூகர் இருந்தார்.

டெல்மர் சோள விவசாயி. எழுபதைத் தாண்டியவர். அவர் எப்போது வாரியத்துக்கு வந்தார் என்பது யாருக்கும் நினைவில்லை. கொடிக்கு முன் நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொல்லி முடித்ததும் உட்காருவார், கண்ணை மூடுவார். "முன்மொழிகிறேன்" என்று ஒரு குரல் கேட்டால் போதும், கண் திறக்காமலேயே "வழிமொழியறேன்" என்பார். புதுக் கூரை, பழைய பேருந்து, கால்பந்துப் பயிற்சியாளரின் ராஜினாமா எல்லாவற்றையும் அவர்தான் வழிமொழிந்தார். பயிற்சியாளரைத் திரும்ப வேலைக்கு எடுத்ததையும் அதே கூட்டத்தில் வழிமொழிந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரே தொந்தரவு, சென்ற தேர்தலில் வந்த கொரின் ஹாஸ்கெல். வடக்கே ட்ரை ஃபோர்க்கில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவள். அங்கே இரண்டு அறைப் பள்ளி ஒன்று உண்டு. பதினோரு பிள்ளைகள், அதில் ஒன்று அவளுடைய மகள் டெஸ், ஒன்றாம் வகுப்பு. அந்தப் பள்ளியை மூடினால் பிள்ளைகள் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், சரளைக்கல் சாலையில் எங்கள் ஊருக்குப் பேருந்தில் வந்துபோக வேண்டும். நெப்ராஸ்காவின் ஜனவரிப் பனியில் அந்தச் சாலை எங்கே இருக்கிறது என்பது ஆண்டவனுக்கே தெரியாது.

மூடத்தான் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எப்போது, எப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இந்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் தெரிந்தது. 'மொத்த ஒப்புதல்' என்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பால் ஒப்பந்தம், தரை துடைப்பான் மாதிரி சில்லறை விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, பேச்சு இல்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேற்றுவது. அன்றைய மூட்டையில் துடைப்பானுக்கும் பாலுக்கும் நடுவே ஏழாவதாக இப்படி ஒன்று இருந்தது: 'வடபகுதிக் கற்றல் சூழல்களின் வளம்சார் ஒருங்கிணைப்பு.' எழுதியவர் எங்கள் பள்ளிகளின் கண்காணிப்பாளர் டாக்டர் ஸ்டாண்டன். 'டாக்டர்' இல்லாமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

முன்பெல்லாம் ஓர் உறுப்பினர் கையைத் தூக்கினால் மூட்டையிலிருந்து ஒரு விஷயத்தை வெளியே எடுத்துவிடலாம். கொரின் வந்த மறுமாதமே வாஸ் விதியை மாற்றினார்: இனி அதற்கும் வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்த விதியைப் பல் மருத்துவர் டாட் லிண்ட்கிரென் முன்மொழிய, டெல்மர்தான் வழிமொழிந்தார்.

"மொத்த ஒப்புதலுக்குப் போவோம்" என்றார் வாஸ், சுத்தியலை எடுத்துக்கொண்டே.

"தலைவரே, ஏழாவதைத் தனியா எடுக்கணும்னு முன்மொழிகிறேன்" என்றாள் கொரின்.

"வழிமொழியறேன்" என்றார் டெல்மர்.

வாஸின் சுத்தியல் பாதி வழியில் நின்றது. இத்தனை மாதமாகக் கொரின் மேசையைத் தட்டிச் சண்டைக்கு நிற்பாளே தவிர, 'முன்மொழிகிறேன்' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. டெல்மரும் கேட்டதில்லை.

வாஸ் சிரித்தார். பாலிசி விற்கும்போது சிரிக்கும் சிரிப்பு. "டெல்மர், ஒரு சின்ன குழப்பம். அதை வாபஸ் வாங்கிடுங்க."

டெல்மர் கண்ணைத் திறந்தார். "எதை?"

"இப்ப வழிமொழிஞ்சீங்களே, அதை."

"ஏன், நான் சொல்லக் கூடாதா?"

அப்போதே வாஸ் நிறுத்தியிருக்கலாம். உயரமான நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நிறுத்த வராது. எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. மனுஷன் பழக்கதோஷத்துல சொல்றார். என்னன்னு தெரிஞ்சு சொல்றதில்லை. எழுதுறதுக்கு முன்னாடி சரி பண்ணிடலாம்" என்றார்.

டெல்மர் அந்தக் குட்டி நாற்காலியில் எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா ராண்டல், உங்கப்பன் இங்க தலைவரா இருந்தப்பவும் நான் வழிமொழிஞ்சிருக்கேன். ஒரு தடவைகூட வாபஸ் வாங்கினதில்லை. ஓட்டுக்கு விடு."

"டெல்மர், அது என்னன்னு உங்களுக்கு..."

"ஓட்டுக்கு விடுன்னேன்."

விட்டார். கொரின் கை உயர்ந்தது. டெல்மர் கை உயர்ந்தது. தலைவரும் பல் மருத்துவரும் எதிர்ப்பு. மிச்சம் இருந்தவள் ஜாய்ஸ் பாவ்லிக். தேவாலயத்தில் பியானோ வாசிப்பவள், எல்லாக் கூட்டத்துக்கும் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டுக் கொண்டுவருபவள். அடுத்த வாரம் லிண்ட்கிரெனிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியவள் வேறு. அவள் லிண்ட்கிரெனைப் பார்க்காமல், தோட்டைச் சரிசெய்வது போலக் கையைக் காது உயரத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"ஜாய்ஸ், அது ஓட்டா?"

"கை தூக்கியிருக்கேன்ல, ராண்டல்."

ஏழாவது வெளியே வந்தது. டாக்டர் ஸ்டாண்டன் அதை மெல்லிய குரலில் வாசித்தார்.

"புரியலை. நம்ம பாஷையில சொல்லு" என்றார் டெல்மர்.

"அதாவது, வடபகுதி மாணவர்களுக்கு ஒரு விரிவான கற்றல் அனுபவத்தை..."

"ட்ரை ஃபோர்க் பள்ளிக்கூடத்தை மூடறாங்க, டெல்மர். அவ்வளவுதான்" என்றாள் கொரின். எழுந்து நின்றாள். "போன வருஷம் பனிப்புயல்ல நானே டிராக்டர்ல போய் ரெண்டு மாட்டைக் கொண்டுவர முடியலை. அதே ரோட்டுல ஆறு வயசுப் புள்ளையை வெச்சுப் பேருந்து ஓட்டப்போறாங்க. மூடணும்னா மூடுங்க. ஆனா வாயைத் திறந்து 'மூடறோம்'னு சொல்லி மூடுங்க. துடைப்பானுக்கும் பாலுக்கும் நடுவுல ஒளிச்சு வெக்காதீங்க."

பின்வரிசையில் ட்ரை ஃபோர்க்காரர்கள் கைதட்டினார்கள். பசிபிக் பெருங்கடலில் மூன்று அடி விழுந்தது.

"உணர்ச்சிவசப்பட வேண்டாம்" என்றார் வாஸ். "டாட்?"

"ஏழாவதை ஏற்கும்படி முன்மொழிகிறேன்" என்றார் பல் மருத்துவர்.

இப்போது வழிமொழிய ஒருவர் வேண்டும். கொரின் மாட்டாள். ஜாய்ஸ் மடியில் விரல்களால் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் டெல்மரைப் பார்த்தோம்.

பாவம், அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை. உதடு பிரிந்தது. தொண்டை அசைந்தது. இத்தனை வருடத்துப் பழக்கம் உள்ளேயிருந்து ஏறி வருவது எங்களுக்கே தெரிந்தது. கொரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 'வ' என்ற வடிவத்துக்கு வாய் வந்துவிட்டது. அந்தக் கணத்தில் டெல்மர் கையை நீட்டி, தட்டிலிருந்து ஒரு ப்ளம் கொலாச்சியை எடுத்து, முழுதாக வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

திணித்துவிட்டு வாஸைப் பார்த்தபடி மெல்லத் தொடங்கினார்.

"டெல்மர்?"

அவர் கன்னத்தைச் சுட்டிக்காட்டினார்.

"காத்திருக்கலாம்" என்றார் வாஸ்.

காத்திருந்தார்கள். டெல்மர் பசுமாடு மாதிரி நிதானமாக அசைபோட்டார். மாவுத் துகள்கள் உதிர்ந்து சட்டையில் விழுந்தன. ஒருவழியாக விழுங்கினார். வாஸ் சுழல்நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். டெல்மர் இன்னொன்றை எடுத்தார்.

"நல்லா வந்திருக்கு, ஜாய்ஸ்" என்று சொல்லிவிட்டு அதையும் திணித்துக்கொண்டார்.

"இன்னும் நிறைய இருக்கு டெல்மர்" என்று ஜாய்ஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

வேறு வழியில்லாமல் வாஸ் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நான் அறிந்து அந்த நூலகத்தில் முதல் முறையாக: "வழிமொழிய ஆள் இல்லை. தீர்மானம் விழுந்தது." கொரின் உட்கார்ந்தாள், நாற்காலியின் சின்ன அளவை மறந்து பாதி தரையில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு 'பொதுமக்கள் கருத்து'. எங்கள் வாரியத்தில் முடிவெடுத்த பிறகுதான் கருத்துக் கேட்பார்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். பேசுவதற்காக ட்ரை ஃபோர்க்கிலிருந்து அத்தனை தூரம் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்கு ஒண்ணும் பேச வேண்டியதில்லை" என்றார் ஒருவர். "எல்லாத்தையும் டெல்மரே மென்னு முடிச்சிட்டார்."

வாஸின் காதுகள் சிவந்திருந்தன. கூட்டத்தை முடித்துவிட்டு, நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இப்போது வேறு ஆசை இல்லை. பல் மருத்துவர் குறிப்பறிந்து, கூட்டத்தை முடிக்க முன்மொழிந்தார்.

முடிப்பதற்கும் வழிமொழிய ஒருவர் வேண்டும். கொரின் கையைக் கட்டிக்கொண்டாள். ஜாய்ஸ் டெல்மர் காலி செய்த தட்டின் ஓரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாஸ் டெல்மரின் வாயைப் பார்த்தார். அது காலியாகத்தான் இருந்தது.

"டெல்மர், வழிமொழியுங்களேன்" என்றார். முதல் முறையாக அவர் குரல் எங்கள் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

டெல்மர் சட்டையிலிருந்த துகள்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். குட்டி நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"இருப்பா. யோசிக்கிறேன்" என்றார். "பழக்கதோஷத்துல சொல்லிடக் கூடாதுல்ல."