முற்றாத வெள்ளணுக்கள்

இன்னும் வளர்ந்து முடியவில்லையே, அதற்குள் ஏன் வந்தீர்கள்?

நுணுக்குக்காட்டியில் தன் சொந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சுகந்தினி மனதுக்குள் கேட்டாள்.

பிள்ளை பெற்று ஏழாம் நாள். மூன்று நாளாக நடுக்கத்தோடு காய்ச்சல். வன்னியில் நடுங்கினால் அது மலேரியாதான். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஆறு வருடம் வேலை செய்த அவளும் யோசிக்காமல் மலேரியா மாத்திரையான குளோரோகுயினை விழுங்கியிருந்தாள். காய்ச்சல் விடவில்லை. பிள்ளையைத் தூக்கவே கை நடுங்கியது. கூட வேலை செய்யும் சிவராசா, மலேரியாக் கிருமி இல்லை என்று எழுதிவிட்டு, அவளது இரத்தம் பூசிய கண்ணாடிச் சிலைட்டைக் கழுவ எடுத்தார். பொருளாதாரத் தடையால் புது சிலைட் வருவதில்லை. இருப்பதையே திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். சுகந்தினி வார்டிலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்து, கழுவுமுன் அதைக் கேட்டு வாங்கினாள்.

"உன்ர ரத்தத்தை நீயே பாத்து என்ன, சாதகம் வாசிக்கப் போறியோ?" என்றார் சிவராசா.

மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினாள்.

முற்றிய வெள்ளணுவின் கரு மூன்று நாலு முடிச்சாகப் பிரிந்திருக்கும். இவற்றின் கருவோ லாடம்போல் வளைந்து ஒரே துண்டாக இருந்தது. எலும்பு மச்சைக்குள் இன்னும் சில நாள் வளர்ந்திருக்க வேண்டியவை. நூறு எண்ணினாள். நாற்பத்தொன்று முற்றாதவை. பற்றீரியா புகுந்து, முற்றியவை போதாமல் போனால்தான் உடம்பு இவற்றை வெளியே அனுப்பும். அது நோயின் அடையாளம் என்றே படித்திருந்தாள். ஆனால் ஒன்றின் உடலுக்குள் சிறு வெற்றுக்குழிகள் தெரிந்தன. எதையோ விழுங்கிய தடம். அரைகுறையாக வந்தும் அது சும்மா இருக்கவில்லை. மாத்திரையை நம்பிப் படுத்திருந்த மூன்று நாளும் தன்னைப் பிள்ளைக்காகப் பிடித்து வைத்திருந்தவை இவைதான். ஆருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் அழுதாள்.

எண்ணிக்கையைப் பார்த்த டொக்டர், கருப்பையில் கிருமி என்று சொல்லி, இருந்த பெனிசிலினை அன்றே ஏற்றினார். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நடுங்காத கையால் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுத்தாள்.

பிள்ளை பெற்ற நாற்பத்தைந்தாம் நாள் வேலைக்கு வந்தாள். புளியங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்திருந்த வடிவம்மா என்ற நோயாளி வாசல் வாங்குப் பலகையில் சுருண்டு கிடந்தாள்.

"அஞ்சு நாளா காச்சலுங்க. ரெண்டு தரம் மாத்திரை குடுத்துட்டாங்க. கேக்கலீங்க."

அவளது சிலைட்டில் மலேரியா இல்லை.

"அப்ப அதை எழுதிப்போட்டு சிலைட்டைத் தா, பிள்ளை," என்றார் சிவராசா. "வெளியில இருபது பேர் நிக்கினம். நீ வெள்ளணுவோட கதைக்கத் துவங்கினால் மத்தியானமாகும்."

சுகந்தினி நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லாடம்போல் ஒரு கரு. பக்கத்தில் இன்னொன்று.

அவர் கையை நீட்டினார்.

"எண்ணிப்போட்டுத் தாறன், அண்ணை," என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவள் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.